வாயு எப்போது திரவமாகும்?

பொருள்களுக்குத் திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகள் உண்டு என்று பள்ளிப் பாடம் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்நிலைகள் பொருளின் பிறவிக் குணங்கள் அல்ல, அது இருக்கும் சூழலின் விளைவுகளே என்பது அறிவியலாளர்களுக்கு முழுமையாகப் புலப்படுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தப் பொருளின் நுண்துகள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, அதே வேளையில் ஓயாமல் அசைந்துகொண்டும் இருக்கின்றன. ஈர்ப்பு ஓங்கியிருக்கும்போது அவை தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும், அது திண்மம். அசைவு வலுத்தால் கூட்டத்தைவிட்டு விலகாமலே இடம் மாறி நகரும், அது திரவம். அசைவு ஈர்ப்பை வென்றுவிட்டால் கிடைத்த இடம் முழுவதும் பரவும், அது வாயு. அசைவின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெப்பநிலை. துகள்களை நெருக்கி வைப்பது அழுத்தம். ஆகவே ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

நிலை மாறும் இடத்தில் வெப்பம் விந்தையாக நடந்துகொள்கிறது. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியை எவ்வளவு சூடாக்கினாலும், கட்டி முழுவதும் கரையும் வரை அதன் வெப்பநிலை சுழி டிகிரியைத் தாண்டுவதில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக் 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அளந்து பார்த்து, வெப்பமானியின் கண்ணுக்குத் தெரியாமல் பொருளுக்குள் மறைந்துவிடும் வெப்பம் ஒன்று உண்டு என்று நிறுவினார். உள்ளுறை வெப்பம் என்று இன்று அழைக்கப்படும் அது, துகள்களின் வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவாகாமல், அவற்றின் பிணைப்பைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரியும், ஒரு கிராம் நீரைச் சுழியிலிருந்து 100 டிகிரி வரை சூடேற்ற 100 கலோரியும் போதும் என்றால், அதே நூறு டிகிரியில் இருக்கும் அந்த நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆவி மீண்டும் நீராகும்போது இத்தனை வெப்பமும் திரும்பி வெளியேறுகிறது. கொதிநீர் பட்ட புண்ணைவிட நீராவி பட்ட புண் கொடியதாக இருப்பதும், இட்லிக் கொப்பரையில் மாவு அவ்வளவு விரைவாக வெந்துவிடுவதும் இதனால்தான்.

அழுத்தத்தின் பங்கு அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. காற்றழுத்தம் குறைந்த மலையுச்சியில் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. ஆவியை உள்ளேயே அடைத்து வைக்கும் பிரஷர் குக்கரில் கொதிநிலை 120 டிகிரியை நெருங்குகிறது. அழுத்தம் கூடக் கூடத் திரவம் ஆவியாகத் தயங்குகிறது என்றால், போதிய அளவு அழுத்தினால் எந்த வாயுவும் திரவமாகிவிட வேண்டும் என்ற முடிவுக்கு வருவது இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த எண்ணம் தவறானது என்று தெரியவந்த வரலாறே பொருளின் நிலைகளைப் பற்றிய அறிவின் மையப் பகுதி என்று சொல்லலாம்.

தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றிய மைக்கேல் ஃபாரடே, 1823இல், வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் ஒரு முனையில் குளோரின் அடங்கிய படிகத்தை வைத்து மூடி முத்திரையிட்டுச் சூடாக்கியபோது, வெளிப்பட்ட குளோரின் தன் அழுத்தத்தாலேயே நெருக்கப்பட்டுக் குளிர்ந்த மறுமுனையில் திரவமாகத் தேங்கியது. தொடர்ந்து அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, கார்பன் டைஆக்சைடு எனப் பல வாயுக்கள் பணிந்தன. ஆயினும் 1845ஆம் ஆண்டளவில் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என ஆறு வாயுக்கள் எந்த முயற்சிக்கும் மசியாமல் நின்றுவிட்டன. வியன்னாவைச் சேர்ந்த நாட்டரர் என்பவர் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3,000 மடங்கு வரை அழுத்திப் பார்த்தும் ஒரு துளிகூட உருவாகவில்லை. இவற்றுக்கு நிலையான வாயுக்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாட்டரரின் உழைப்பு வீண் என்று தள்ளிவிடுவதற்கில்லை. வெறும் அழுத்தத்தால் ஆகக்கூடியது இல்லை என்பதை அவ்வளவு தெளிவாக வேறு யாரும் காட்டியிருக்கவில்லை.

விடைக்கான தடயம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. பிரான்சில் கன்யார் தெ லா தூர் என்பவர் 1822இல், தடித்த உலோகக் குழலுக்குள் சிறிதளவு திரவத்தையும் ஒரு கல் உருண்டையையும் இட்டு இறுக அடைத்து, சூடாக்கியபடியே குழலை ஆட்டி, உருண்டை திரவத்தில் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடந்ததும் அந்தச் சலசலப்பு நின்றுபோயிற்று. குழலுக்குள் திரவம் என்று தனியாக ஒன்று இல்லாமற்போயிருந்தது. இதன் முழுப் பொருளையும் விளக்கும் பணி அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்ட்ரூசுக்குக் காத்திருந்தது.

ஆண்ட்ரூஸ் கார்பன் டைஆக்சைடை மெல்லிய துளையுள்ள தடித்த கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, திருகால் அழுத்தத்தை ஏற்றி, வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் மாறாமல் வைத்துக்கொண்டு கன அளவு எப்படிக் குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். 13 டிகிரியில் அழுத்தம் சுமார் 49 மடங்கை எட்டியதும் வாயு திரவமாகத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே ஒரு தெளிவான மேற்பரப்பு தெரிந்தது. வெப்பநிலை கூடக் கூட, திரவமாக்கத் தேவைப்பட்ட அழுத்தமும் கூடியது, திரவத்தின் அடர்த்தியும் அதன் மேலிருந்த ஆவியின் அடர்த்தியும் ஒன்றையொன்று நெருங்கின. ஏறத்தாழ 31 டிகிரியில் அந்த மேற்பரப்பு மங்கி, அலைபோல் நெளியும் கோடுகளாகச் சிதறி, மறைந்தே போயிற்று. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பொருள் அடர்த்தியாகிக்கொண்டே போனதேயன்றித் திரவம் தனியாகப் பிரியவில்லை. இந்த எல்லைதான் மாறுநிலை வெப்பநிலை. இதற்கு மேலே துகள்களின் அசைவு மிக வலுவாக இருப்பதால், எவ்வளவுதான் நெருக்கினாலும் ஈர்ப்பினால் அவற்றை ஒரு தனித் திரவமாகக் கட்டிப் பிடிக்க முடிவதில்லை.

ஆண்ட்ரூஸ் 1869இல் வெளியிட்ட இந்த ஆய்வில் மற்றொரு சோதனை இன்னும் ஆழமானது. கார்பன் டைஆக்சைடை 50 டிகிரிக்குச் சூடாக்கி, 150 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோய், பிறகு அழுத்தத்தைக் குறைக்காமல் அறை வெப்பநிலைக்குக் குளிர்வித்தால், தொடக்கத்தில் ஐயத்துக்கு இடமின்றி வாயுவாக இருந்தது முடிவில் ஐயத்துக்கு இடமின்றித் திரவமாக இருக்கும். ஆனால் வழியில் எந்த இடத்திலும் அது கொதிக்கவோ, துளியாகவோ, இரண்டாகப் பிரியவோ செய்யாது. எந்த நொடியில் வாயு திரவமாயிற்று என்று கேட்டால் அதற்கு விடையே இல்லை. திரவமும் வாயுவும் வேலி போட்டுப் பிரிக்கப்பட்ட இரண்டு நிலைகள் அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றுவழியாகத் தடையின்றிப் போகலாம் என்பதை ஒரு கண்ணாடிக் குழாயில் காட்டிய ஆண்ட்ரூசின் பெயர் பாடநூல்களில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஒழுங்கான அணிவகுப்பு கொண்ட திண்மத்துக்கு இத்தகைய சுற்றுவழி எதுவும் இதுவரை காணப்படவில்லை.

31 டிகிரி என்பது தமிழக வாசகருக்குப் பழகிய வெப்பம். அலுவலகங்களில் மின்சாதனங்களின் அருகே மாட்டியிருக்கும் கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான், குளிரூட்டிய அறையில் பெரும்பாலும் திரவத்தைத் தாங்கியிருக்கிறது. சென்னையின் மே மாத வெயிலில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் கூடத்தில் அதே உருளைக்குள் இருப்பதைத் திரவம் என்றும் சொல்ல முடியாது, வாயு என்றும் சொல்ல முடியாது.

ஆண்ட்ரூசின் கண்டுபிடிப்புக்குப் பிறகு நிலையான வாயுக்களின் புதிர் அவிழ்ந்தது. ஆக்சிஜனின் மாறுநிலை வெப்பநிலை மைனஸ் 118 டிகிரியை ஒட்டியது, நைட்ரஜனுக்கு மைனஸ் 147, ஹைட்ரஜனுக்கு மைனஸ் 240. முதலில் அந்த அளவுக்குக் குளிர்விக்காமல் அழுத்துவதில் பயனில்லை. அழுத்தி வைத்த வாயுவைத் திடீரென விரியவிட்டால் அது தன் சொந்த ஆற்றலைச் செலவிட்டு விரிவதால் சட்டெனக் குளிரும். இந்த வழியில் 1877 டிசம்பரில் பிரான்சின் கையெட்டே ஆக்சிஜனைக் கணநேர மூடுபனியாகக் கண்டார், ஏறக்குறைய அதே நாள்களில் ஜெனீவாவில் பிக்டே வேறு முறையில் அதே வெற்றியை அறிவித்தார். 1883இல் போலந்தின் கிராக்கோவில் ரூப்ளெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும் ஆக்சிஜனைக் குழாயில் தேங்கி நிற்கும் திரவமாகவே பெற்றனர். அப்படிப்பட்ட குளிர்த் திரவங்களைக் காப்பதற்கென ஜேம்ஸ் டூவார் வடிவமைத்த இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவையே பின்னாளில் வீடுகளுக்கு பிளாஸ்காக வந்து சேர்ந்தது. 1898இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கியவரும் அவரே.

மிஞ்சியது ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஆராய்ந்தார். அந்த ஆண்டின் சூரிய ஆய்வுகளில் தென்பட்ட ஒரு மஞ்சள் நிறக் கோட்டின் வழியாகவே இந்தத் தனிமம் முதன்முதலில் அறியப்பட்டது. பூமியில் அது 1895இல்தான் கிடைத்தது. அதன் துகள்களுக்கிடையிலான ஈர்ப்பு வேறெந்தப் பொருளிலும் இல்லாத அளவுக்குச் சொற்பம் என்பதால் மாறுநிலை வெப்பநிலை மைனஸ் 268 டிகிரிக்குப் போய்விட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ், மோனசைட் மணலிலிருந்து பிரித்தெடுத்த ஹீலியத்தைத் திரவக் காற்றாலும் அதன்பின் திரவ ஹைட்ரஜனாலும் படிப்படியாகக் குளிர்வித்து, 1908 ஜூலை 10ஆம் நாள் திரவமாக்கினார். அத்திரவம் மிகவும் ஒளி ஊடுருவுவதாக இருந்ததால், சேர்ந்துவிட்டது என்பதே முதலில் தெரியவில்லை. கீழிருந்து ஒளி பாய்ச்சிப் பார்த்தபோதுதான் மேற்பரப்பு கண்ணில் பட்டது. இயல்பான அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் ஹீலியம் உறைவதில்லை. திண்மமாக்க 25 மடங்கு அழுத்தமாவது வேண்டும்.

இந்த வரலாறு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனைக் கட்டில் அருகே நிற்கும் ஆக்சிஜன் உருளையில் இருப்பது, அறை வெப்பநிலையில் திரவமாக முடியாத, கடுமையாக அழுத்தப்பட்ட வாயு மட்டுமே. ஆகவே செலவாகச் செலவாக அதன் அழுத்தமானி இறங்கிக்கொண்டே வரும். பெரிய மருத்துவமனைகளின் வளாகத்தில் நிற்கும் வெண்ணிறத் தொட்டியிலோ மைனஸ் 183 டிகிரியை ஒட்டிய திரவ ஆக்சிஜன் இருக்கிறது. அதில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். அதை வாயுவாக்கும் உலோகக் குழாய்களின்மேல் நண்பகலிலும் வெண்பனி படிவது, ஆவியாவதற்கான உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து அது உறிஞ்சிக்கொள்வதன் அடையாளம். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின்கள் எரிப்பது திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையுமே. மீத்தேனின் மாறுநிலை வெப்பநிலை மைனஸ் 82 டிகிரி என்பதால், ஆட்டோக்களின் சிஎன்ஜி உருளையில் அது 200 மடங்கு அழுத்தத்திலும் வாயுவாகவே இருக்கிறது. கப்பலில் எண்ணூருக்கு வரும்போது மட்டும் மைனஸ் 162 டிகிரியில் திரவமாக, கன அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கி வருகிறது.

சமையல் எரிவாயுவின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. அதிலுள்ள புரோப்பேனின் மாறுநிலை வெப்பநிலை 97 டிகிரி, பியூட்டேனுடையது 152 டிகிரி. எனவே எந்தக் கோடையிலும் சில மடங்கு அழுத்தத்திலேயே அவை திரவமாக அடங்கிக் கிடக்கின்றன. 14.2 கிலோ சிலிண்டருக்குள் கீழே திரவமும் மேலே ஆவியும் உண்டு. அடுப்புக்கு வருவது மேலுள்ள ஆவி, அந்த இழப்பைத் திரவம் ஆவியாகி ஈடுகட்டுகிறது. திரவம் எஞ்சியிருக்கும் வரை உள்ளே அழுத்தம் பெரும்பாலும் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி மிச்சமிருக்கும் அளவைப் பொறுத்ததன்று என்பதால், எவ்வளவு இருக்கிறது என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். தீரும் தறுவாயில் சிலிண்டரைப் படுக்கவைப்பதும் சுடுநீரில் நிறுத்துவதும் இன்றும் பல வீடுகளில் நடக்கின்றன. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் புகுந்து, வெளியே வந்ததும் இருநூறு மடங்குக்கு மேல் விரிந்து, காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு பரவித் தீப்பொறிக்காகக் காத்திருக்கும். சூடாக்கினால் உள்ளிருக்கும் அழுத்தம் விரைந்து ஏறும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். கடைசிச் சில கிராம் எரிவாயுவுக்காக அதைச் சாய்க்கவோ சூடாக்கவோ வேண்டாம்.