மூக்கை அடைப்பது சளிதானா?

எவ்வளவு சிந்தினாலும் மூக்கடைப்பு விடவில்லையா? உள்ளே வழியை மறிப்பது பெரும்பாலும் சளி அல்ல, வீங்கிய சதை. மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தச் சதை முழுக்க ரத்தக் குழாய்கள். தூசியோ ஜலதோஷமோ சீண்டினால் ரத்தம் கோத்துப் புடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கும்போது கீழ்ப்பக்க மூக்கு அடைப்பதும் இதனால்தான்.

தைலம் தடவியதும் திறந்த மாதிரி இருக்குமே? மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவே. வீக்கம் அப்படியேதான் இருக்கும்.

சொட்டு மருந்து கதை வேறு. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்றவை குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் வழிவிடும். ஆனால் ஐந்து நாளைத் தாண்டி விட்டுக்கொண்டே இருந்தால், வீரியம் இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம்! பாட்டில் தலையணைக்கடியில் குடியேறுவது இப்படித்தான்.

நாள்பட்ட அடைப்புக்கு உப்புநீரால் கழுவுவது நல்லது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்க வாய்ப்புண்டு. டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர வாரக்கணக்காகும். இரண்டே நாளில் தூக்கிப்போடக் கூடாது.

மூக்கடைப்போடு வரும் தலைவலிக்குச் சூட்டும் 'சைனஸ் தலைவலி' என்ற பட்டத்தையும் சந்தேகிக்கலாம். அப்படிச் சொல்லிக்கொண்ட 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 88 சதவீதம் பேருக்கு ஒற்றைத் தலைவலி வகை அறிகுறிகள். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், அடைக்கும். குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்தால் ஆன்டிபயாடிக் வாங்க ஓட வேண்டியதில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.