பானகம் மணக்கும் காலை டம்ளர்

வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம் போனவர்களுக்குப் பானகத்தின் ருசி மறக்காது. சுக்கும் ஏலக்காயும் கலந்த அந்தத் திருவிழா மணத்தைக் காலை ஆகாரத்துக்கும் கொண்டுவரலாம், நேயர்களே.

இரண்டு கரண்டி அவலைக் கழுவி, 10 நிமிடம் ஊறவையுங்கள். அதோடு கனிந்த வாழைப்பழம் ஒன்று, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் இரண்டு, ஒரு டம்ளர் தயிர், ஒரு சிட்டிகை சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய் விதை. மிக்ஸியில் ஓட்டினால் கூழ் பதத்துக்கு வந்துவிடும். வடிகட்ட வேண்டாம்; நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். எலுமிச்சையும் வேண்டாம், தயிரின் புளிப்பே போதும்.

பானகம் என்றால் வெல்லம் எங்கே என்பீர்கள். வெல்லமும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். அந்தக் கணக்கு நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையிலேயே வெல்லத்தைக் கரைத்துக் குடிப்பானேன்? சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பே பிடிக்காதவரா? பழங்களை விட்டுவிட்டு, அவலையும் தயிரையும் உப்பு, மிளகு, சீரகம், சுக்கு போட்டு அடியுங்கள். மந்தாரை இலையில் வேகும் காஞ்சிபுரம் வரதர் கோயில் இட்லியின் வாசம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.