முன்பணமா, முடிவா?

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தி முடியுமுன்பே, வடசென்னை வீடுகளிலே வேறொரு தேர்வு தொடங்கிவிடுகிறது, தோழா! தேர்வு எழுதியவள் மகள். விடை தெரியாமல் தவிப்பவன் தகப்பன்! “தனியார் மகளிர் கல்லூரியிலே இடம் இருக்கிறதாம், இந்த வாரமே பணம் கட்டவேண்டுமாம். கட்டிவிடலாமா? அரசுக் கல்லூரிப் பட்டியல் வரும்வரை பொறுக்கலாமா?” இராயபுரத்துச் சந்திலும், திருவொற்றியூர் ஆலை வாயிலிலும், எண்ணூர் இரயில் பெட்டியிலும் கேட்கிற கேள்வி இது.

கவலைப்படுமுன் கொஞ்சம் களிப்படையலாம். “பெண்ணைப் படிக்க வைப்பதா?” என்று கேட்ட காலம் போய், “எங்கே படிக்க வைப்பது?” என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. தானாகவா வந்தது? 1907-இலே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே முத்துலட்சுமி என்ற பெண் சேர்ந்ததற்கு எத்தனை எதிர்ப்பு, எத்தனை முணுமுணுப்பு! 1912-இலே அவர் டாக்டராக வெளிவந்தார், முணுமுணுத்தவர்கள் எங்கே? 1929-இலே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும், எந்தத் தொழிலும் செய்யும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கைகொட்டிச் சிரித்தார்கள், காலம் அவர்களைப் பார்த்துச் சிரித்தது!

சென்னையிலே 1914-இலே இராணி மேரிக் கல்லூரி, 1915-இலே மகளிர் கிறித்தவக் கல்லூரி, 1947-இலே ஸ்டெல்லா மாரிஸ், 1948-இலே எத்திராஜ். அறிவொளி பரப்பிய இடங்கள்தாம், மறுப்பாரில்லை. ஆனால், துறைமுகத்திலே மூட்டை சுமந்தவன் மகளுக்கு அவை தொலைதூர விளக்குகள்! இன்று பிராட்வே பிரகாசம் சாலையிலே இருக்கிறதே பாரதி மகளிர் கல்லூரி, அந்த அரசுக் கல்லூரி தோன்றியது 1964-இலே. இராணி மேரிக்கும் அதற்கும் இடையே ஐம்பது ஆண்டு! விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததோ 2021-இலே. இத்தனை காலம் காத்திருந்த நம்மைப் பார்த்துத்தான், “ஒரு வாரம்கூடப் பொறுக்காதே, கட்டு பணத்தை!” என்கிறார்கள்.

அமெரிக்காவிலே இதற்கு ஒரு முறையே வகுத்திருக்கிறார்கள். வெல்லெஸ்லி, பார்னார்ட் போன்ற பெயர்பெற்ற மகளிர் கல்லூரிகளிலே அது நடப்பில் உண்டு. நவம்பர் மாதத்திலேயே ஒரே ஒரு கல்லூரிக்கு, “இடம் தந்தால் கட்டாயம் வருவேன்” என்று வாக்களித்து விண்ணப்பிக்கவேண்டும். இடம் கிடைத்துவிட்டால், மற்ற கல்லூரிகளுக்குப் போட்ட மனுக்களைத் திரும்பப் பெறவேண்டும். உதவித்தொகை போதவில்லை என்றால் விலகிக் கொள்ளலாம், உண்மை. ஆனால் நாலு கல்லூரி தருவதைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு போகிறதே! பணக்காரன் மகளுக்கு அது நட்டமில்லை. கூலிக்காரன் மகளுக்கு அந்த ஒப்பீடுதானே உயிர்நாடி!

நம் ஊரிலே அந்தப் பெயர் இல்லை. அந்தப் பிடி இருக்கிறது! முன்பணத்தை வாங்கிக்கொண்டால் போதும், மகள் வேறு பக்கம் திரும்ப மாட்டாள், தகப்பனும் திரும்ப விடமாட்டான் என்ற கணக்கு அது. வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணமல்லவா!

ஆகவே, தோழா, கணக்கைத் தெரிந்துகொள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பம் 2020-இலே வந்தது. ஒரே மனுவிலே பல கல்லூரிகளைக் குறிக்கலாம். சில பத்து ரூபாயிலே வேலை முடியும். அதைப் போடாமல் விடாதே. தனியார் கல்லூரியிலே பணம் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கட்டு, இரசீது வாங்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலே வகுத்த விதி இது: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே விலகினால், 5 சதவீதத்துக்கு மேற்படாமல், அதிலும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் பிடித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தரவேண்டும். அதற்குப் பிந்தி, ஆனால் கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அதன் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவும் கூடாது. இரசீது இல்லாதவனுக்கு எந்த விதியும் துணைக்கு வராது!

1989-இலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் பிறந்தது. 2022-இலே அதே பெயரிலே, திருமண உதவி உயர்கல்வி உதவியாக மாறியது. அரசுப் பள்ளியிலே ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலே! தாலிக்கு நீட்டிய கை ஏட்டுக்கு நீண்டது. அந்த மாற்றம் சட்டத்திலே வந்தால் போதுமா? நம் வீட்டுத் திண்ணைக்கும் வரவேண்டாமா?

ஏன் கேட்கிறேன்? “மகளிர் கல்லூரி என்றால் கவலையில்லை, ஆண் பிள்ளைகள் இல்லை” என்று, மதிலைப் பார்த்து இடம் தேடுகிற தகப்பன்மார் நம்மிலே உண்டு. மகளிர் கல்லூரி நல்லது. அங்கே மேடை அவளுக்கு, மன்றத் தலைமை அவளுக்கு, பேச்சுப் போட்டியிலே முதல் வரிசை அவளுக்கு. அவள் வளர்வதற்காக அதைத் தேடினால் வாழ்த்துகிறேன். அவளை அடைப்பதற்காகத் தேடினால், கல்லூரிக்குப் போனாலும் அவள் கைதிதான்!

மகளை உட்கார வை. என்ன பாடம், எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் அவள் முன்னே வை. கூலியின் கணக்கையும் மறைக்காதே. அவள் உன் மகள், புரிந்துகொள்வாள். பிறகு, “நீ சொல்லம்மா” என்று கேள்!

அவள் படிக்கவேண்டும் என்ற முடிவை இன்றே எடு. அதிலே ஒரு நொடி தாமதமும் வேண்டாம். எங்கே என்ற முடிவை அவள் எடுக்கட்டும். அதற்கு வேண்டிய நாளை அவளுக்குக் கொடு. அவசரப்படுத்துகிறவனுக்கு வேண்டியது உன் பணம். உனக்கு வேண்டியது உன் மகளின் வாழ்வு!