அந்த ஐந்து மதிப்பெண்

அமெரிக்காவில் வென்டிஸ் பர்கர் கடையைப் பார்க்காமல் ஊர் சுற்றுவது கஷ்டம். 1969-ல் அதைத் தொடங்கிய டேவ் தாமஸ், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நாடெங்கும் கடை, டி.வி. விளம்பரத்தில் தன் முகம் என்று வளர்ந்த பிறகும் அவருக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ‘இவரே படிக்கலையே, நாம மட்டும் எதுக்குப் படிக்கணும்?’ என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டால்? 1993-ல், அறுபது வயதைத் தாண்டி, ஜி.இ.டி. தேர்வு எழுதித் தன் பள்ளிச் சான்றிதழை வாங்கினார். ஃபுளோரிடாவின் கோகனட் க்ரீக் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அவரைத் தங்கள் வகுப்புத் தோழராகவே சேர்த்துக்கொண்டார்கள். ‘வாழ்க்கையில் முன்னுக்கு வருவார்’ என்ற பட்டத்துக்கும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்!

தாமஸ் எழுதியது தாளும் பென்சிலுமாக நடந்த தேர்வு. இருபது ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரியில், அந்தப் பென்சிலுக்கு வேலை போனது. இனி ஜி.இ.டி. எழுத வேண்டுமானால் கணினி முன்னால்தான் உட்கார வேண்டும் என்றார்கள். அதன் பிறகு நடந்தது, தேர்வு நடத்தும் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம்.

போர் பெற்ற பிள்ளை

ஜி.இ.டி.யை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுவது மாதிரி. ஆனால், அதற்கென்று பாடப்புத்தகம் கிடையாது. பள்ளி முடித்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது உங்களுக்கும் தெரியுமா என்று மட்டும் பார்க்கும்.

இது இரண்டாம் உலகப் போர் பெற்ற பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போர்முனைக்குப் போன பையன்கள், திரும்பி வரும்போது பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவார்களா? அவர்களுக்காக 1942-ல் ராணுவமும் அமெரிக்கக் கல்விக் குழுவும் சேர்ந்து உருவாக்கிய தேர்வு இது. 1947-ல் நியூயார்க் மாநிலம் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. சிறுவயதில் தாயானவர்கள், குடும்பத்துக்காக வேலைக்குப் போனவர்கள், வேற்று நாட்டிலிருந்து குடியேறியவர்கள், சிறையில் இருப்பவர்கள் என ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதில் தேறியிருக்கிறார்கள்.

‘ஏதோ சமாளிச்சு வாங்கின டிப்ளமோ’ என்ற கேலி இதற்கு எப்போதும் உண்டு. கேலி செய்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 2002-ல் வந்த தாள் தேர்வின் தேர்ச்சிக் கோட்டை எப்படி வரைந்தார்கள் தெரியுமா? பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களையே எழுத வைத்து, அவர்களில் பத்துக்கு நான்கு பேர் தேற முடியாத இடத்தில் கோடு போட்டார்கள்.

அந்தக் கேலிக்கு ஆராய்ச்சியும் தீனி போட்டது. பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், ஜி.இ.டி. தேறியவர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அறிவில் அவர்கள் பள்ளி முடித்தவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல. ஆனால், சம்பளத்திலும் வேலையில் நிலைப்பதிலும் பின்தங்குகிறார்கள் என்றார். பள்ளிக்கூடம் பழக்கும் விடாமுயற்சியைத் தேர்வுத்தாள் அளக்காது என்பது அவர் கண்ட காரணம். தேர்வு நடத்தியவர்களோ வேறு மருந்தைக் கையில் எடுத்தார்கள்: தேர்வைக் கடினமாக்குவது.

நான்கு மாற்றங்கள்

2011 மார்ச்சில் அமெரிக்கக் கல்விக் குழு, பாடப்புத்தகத்திலும் தேர்வுத் தொழிலிலும் பெரிய கையான பியர்சனோடு கூட்டு நிறுவனம் தொடங்குவதாக அறிவித்தது. அதுவரை லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் இருந்த தேர்வு, லாபம் பார்க்கும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இது முதல் மாற்றம்.

இரண்டாவது, தாள் போய்த் திரை வந்தது. மூன்றாவது, பள்ளிகளுக்காக வகுக்கப்பட்ட ‘காமன் கோர்’ தரத்தை ஒட்டிக் கேள்விகள் கடினமாயின. இயற்கணிதம் கூடியது. படித்ததிலிருந்து ஆதாரம் காட்டிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான்காவது, கட்டணம். பல மாநிலங்களில் நான்கு பாடத்துக்கும் சேர்த்து 120 டாலர் ஆனது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அந்தக் கூலிக்காரர் பதினாறு மணி நேரத்துக்கு மேல் உழைத்தால்தான் ஒருமுறை தேர்வு எழுத முடியும்.

இவற்றில் பின்னால் சொன்ன மூன்றும் 2014 ஜனவரியில் ஒரேயடியாக வந்து இறங்கின. பழைய தேர்வில் சில பாடங்களில் மட்டும் தேறியிருந்தவர்களுக்கு இன்னொரு இடியும் காத்திருந்தது. 2013 டிசம்பருக்குள் மிச்சத்தையும் முடிக்காவிட்டால், எடுத்த மதிப்பெண்ணும் செல்லாது. முதலிலிருந்து எழுத வேண்டும். ஆகவே, 2013 முழுக்கத் தேர்வு மையங்களில் கடைசி பஸ்ஸுக்கு ஓடும் கூட்டம்.

திரைக்கு முன்னால்

புதிய தேர்வு எழுத வருபவரை நினைத்துப் பாருங்கள். நாற்பது வயதுப் பெண்மணி, ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் படி தேர்வே அல்ல; இணையத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். பணம் கட்டக் கார்டு வேண்டும். இதெல்லாம் கடந்து மையத்துக்கு வந்தால் கைப்பை, செல்போன் எல்லாம் வெளியே. உள்ளே கொடுப்பது அழித்து அழித்து எழுதும் சிறு பலகையும் ஒரு மார்க்கரும்.

கணக்குத் தேர்வுக்கு 115 நிமிடம். முதல் சில கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. பிறகு திரையிலேயே ஒரு கால்குலேட்டர் வருகிறது. அதன் பொத்தான்களை மவுஸால்தான் அமுக்க வேண்டும். பின்னம் போட ஒரு பொத்தான், வர்க்கமூலத்துக்கு இன்னொன்று. நான்கு விடையில் ஒன்றைத் தொடுவதோடு முடிவதில்லை. சில கேள்விகளில் விடையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கட்டத்தில் போட வேண்டும், சிலவற்றில் வரைபடத்தில் சரியான புள்ளியைச் சொடுக்க வேண்டும். மொழித்தாளில் 45 நிமிடத்துக்குள் கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நம் ஊரில் ஏ.டி.எம். வாசலில், பின்னால் நிற்கும் பையனிடம் கார்டை நீட்டி ‘கொஞ்சம் எடுத்துக் குடு தம்பி’ என்று கேட்கும் பெரியவரைப் பார்த்திருப்போம். அவருக்குப் பணத்தை எண்ணத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தட்டுபவருக்கு எழுதத் தெரியாது என்று முடிவு கட்டுவதும் அப்படித்தான்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பர்கர் கடை வேலைக்குக்கூட இன்று இணையத்தில்தான் விண்ணப்பம். கணினி தெரியாதவருக்குச் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்புவது அவரையே ஏமாற்றுவது என்று வாதிட்டார்கள். தாள் திருத்தி முடிவு வர முன்பு வாரக்கணக்கில் ஆகும். இப்போது பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். எந்தப் பகுதியில் சறுக்கினோம் என்பதும் கூடவே வரும். பழைய கேள்விகளையே கணினியில் வைத்துச் சோதித்தபோது, தாளில் எழுதியவர்களைவிடக் கணினியில் எழுதியவர்களே அதிகம் தேறினார்கள் என்றும் நிறுவனம் சொன்னது. ஆனால், அந்தச் சோதனைக் காலத்தில் தாளும் இருந்தது. கணினி பழகியவர்கள்தானே தாமாக முன்வந்து அந்தப் பக்கம் போயிருப்பார்கள்?

விழுந்த எண்ணிக்கை

2012-ல் தேறியவர்கள் ஏறத்தாழ 4 லட்சம். கடைசி பஸ் பிடித்த 2013-ல் 5 லட்சத்தைத் தாண்டியது. 2014-ல்? சுமார் 60 ஆயிரம்.

இந்தச் சரிவு முழுவதையும் கணினியின் தலையில் கட்ட முடியாது. தேறக்கூடியவர்கள் பலர் முந்தைய ஆண்டே முண்டியடித்து முடித்துவிட்டார்கள். சில மாநிலங்கள் ஜி.இ.டி.யைக் கைவிட்டுப் அதற்குப் போட்டியாக வந்த தேர்வுகளுக்குத் தாவிவிட்டன. இ.டி.எஸ். நிறுவனத்தின் ‘ஹைசெட்’, மெக்ரா-ஹில்லின் ‘டாஸ்க்’ இரண்டும் அப்போது கட்டணத்தில் மலிவாக இருந்தன. தாளிலும் எழுத முடிந்தது, கணினியிலும் எழுத முடிந்தது. தேர்வு எழுதுபவரிடம் காசு வாங்காத நியூயார்க், தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்குப் பார்த்து ‘டாஸ்க்’ பக்கம் போனது.

எண்ணிக்கை எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனதுதான் இதில் பெரிய தவறு. ஒரே சமயத்தில் மூன்று மருந்தைக் கொடுத்துவிட்டு, நோயாளி மயங்கி விழுந்தால் எந்த மருந்தைக் குறை சொல்வது?

சிறைகளின் பாடு தனி. அங்கே இணையத்துக்கு அனுமதி இல்லை. கணினி அறை அமைக்கப் பணமும் காவலும் வேண்டும். சிறையில் படித்தவர்கள் திரும்பவும் குற்றம் செய்து உள்ளே வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2013-ல்தான் சொல்லியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தாளையும் பென்சிலையும் பறிப்பது என்ன சிக்கனம்?

கோடு நகர்ந்தது

புதிய தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 150 எடுத்தால் தேர்ச்சி. 2016 ஜனவரியில் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இனி 145 போதும். காரணமும் சொன்னது. புதிய தேர்வில் தேறியவர்கள் கல்லூரியில் பள்ளி முடித்தவர்களைவிட நன்றாகவே படிக்கிறார்களாம். அதாவது, கோட்டை வேண்டியதைவிட உயரத்தில் போட்டிருந்தார்கள். 2014 முதல் எழுதியவர்களுக்கும் இதைப் பின்தேதியிட்டுக் கொடுக்கலாம் என்றது நிறுவனம். பல மாநிலங்கள் அப்படியே செய்தன.

கணினியைப் பொறுத்தவரை காலம் தீர்ப்பு சொல்லிவிட்டது. கொரோனா வந்த 2020-ல் வீட்டிலிருந்தே ஜி.இ.டி. எழுதும் வசதி வந்தது. ‘டாஸ்க்’ மூடப்பட்டது, 2022-ல் நியூயார்க் ஜி.இ.டி.க்கே திரும்பியது, இந்த முறை கணினியில். தாளுக்குத் திரும்பிப் போகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால், திரைக்கு மாற்றும் ஆண்டில் கேள்வியைக் கடினமாக்காதீர்கள். சில ஆண்டுகளுக்காவது தாளையும் வைத்திருங்கள். தேர்வுக்கு முன்னால் தட்டச்சுக்கும் மவுஸுக்கும் வகுப்பு நடத்துங்கள். இதைச் செய்யப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, பொறுமை போதும்.

2014-ல் 147 எடுத்து, ‘தேறவில்லை’ என்று கேட்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து அதே 147-க்கு அவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இடையில் அவர்கள் புதிதாக ஒரு வரிகூடப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டில் சான்றிதழ் இல்லாமல் கைநழுவிப்போன வேலைகளுக்கு யாரும் பின்தேதி போட்டுத் தரவில்லை.