அழுத்தம் மூளையில் தங்கும் இடம்

"படிச்சதெல்லாம் மறந்துபோச்சு டீச்சர்" என்று பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் அழும்போதெல்லாம் எனக்கு புரூஸ் மெக்கீவன் ஞாபகம் வரும். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆய்வு செய்தவர். 2020 ஜனவரியில் காலமானார்.

அழுத்தம் வந்தால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஹார்மோனைச் சுரக்கும். மனிதருக்கு அது கார்ட்டிசால், எலிக்கு கார்ட்டிகோஸ்டீரோன். மெக்கீவன் குழு அதில் கதிரியக்க அடையாளம் சேர்த்து எலிகளுக்கு ஏற்றி, மூளையில் எங்கே போய்ச் சேருகிறது என்று தேடியது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸில்தான் அது நிறையத் தங்கியிருந்தது. 1968-இல் 'நேச்சர்' இதழில் வந்த இந்த முடிவை நான் பெரிய திருப்பமாகவே நினைக்கிறேன். உடம்பின் ரசாயனம் நேரே நினைவின் வாசலுக்குப் போகிறது என்று அது காட்டிவிட்டது.

பிறகு இன்னொன்றும் கண்டார்கள். எலிகளை மூன்று வாரம் தினமும் அடைத்துவைத்தபோது, ஹிப்போகேம்பஸில் உள்ள நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கின; அழுத்தம் நின்றதும் மறுபடி வளர்ந்தன.

பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழு 2002-இல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் சுருங்கவில்லை, பெருகின. ஓய்வு கொடுத்த பின்னும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று பின்னாளில் அதே குழு கண்டது.

எலியில் கண்டதை அப்படியே பிள்ளைகள் மேல் ஏற்றிச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பெற்றோரே, பரீட்சை நாட்களில் அவர்களை மிரட்டாதீர்கள்; நிம்மதியாகத் தூங்க விடுங்கள்.