பழைய கூலன்ட் எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான் தாமான்களில் நடந்தால், மைவி, அக்சியா, பழைய கஞ்சில் என்று ஏதாவது ஒரு சின்னக் கார் வாசலில் போனட்டைத் திறந்தபடி நிற்பதைப் பார்க்கலாம். எஞ்சின் எண்ணெயைத் தாமே மாற்றிப் பழகியவர்கள் அடுத்துக் கை வைப்பது ரேடியேட்டர் தண்ணீரில், அதாவது கூலன்டில். கூலி மிச்சம், வேலையும் நம் கண் முன்னால் நடக்கிறது. பொறுமையும் காரின் கையேடும் இருந்தால் யாரும் செய்யலாம். ஆனால் கூலியை மிச்சப்படுத்தும்போது, பட்டறைக்காரர் ஏற்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்மிடம் வந்து சேர்கிறது. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

நம் நாட்டில் பனியே கிடையாது, குழாய்த் தண்ணீர் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. வெறும் தண்ணீர் இதைச் செய்யாது. குழாய்நீரில் உள்ள உப்புகள் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பிறகு ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் எஞ்சின் கொதித்துச் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியும். ஹெட் கேஸ்கட் போனால் டாப் ஓவர்ஹால்தான். மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு செலவாகும்.

ரேடியேட்டர் மூடி ஓர் அழுத்த வால்வு. எஞ்சின் சூடாக இருக்கையில் உள்ளே வளிமண்டலத்தைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தம் நிற்கும். அதனால்தான் 100 பாகையைத் தாண்டியும் உள்ளிருக்கும் திரவம் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் விடுபட்டு, அது ஆவியும் கொதிநீருமாகப் பீறிட்டு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் அடிக்கும். ஈரத்துணி சுற்றித் திறந்தால் ஒன்றும் ஆகாது என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் தொடங்குங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் காற்றாடி தானாகச் சுழலும்; விரல்களைத் தள்ளியே வையுங்கள். மீறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்நீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பற்பசையோ கிச்சாப்போ பூசக் கூடாது.

வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வடிந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடித்திருகைக் கழற்றினால் ரேடியேட்டரில் உள்ளது மட்டுமே வரும். ஒரு பங்கு எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டரை லிட்டர் வடிந்து, நிரப்பும்போது இரண்டு லிட்டர்தான் ஏறுகிறது என்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அப்படியே சாலைக்கு எடுத்துச் சென்றால் எஞ்சின் கொதிக்கும். கையேடு சொல்லும் முறையில் காற்றை வெளியேற்றி, மறுநாள் எஞ்சின் ஆறிய பின் மீண்டும் அளவு பாருங்கள். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்ற நிறங்களை நம்பி வாங்காதீர்கள். அவற்றுக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. கையேட்டில் எழுதியுள்ள வகைதான் கணக்கு.

இனி, வடித்ததைப் பிடித்த வாளியில் இருப்பதைப் பார்ப்போம். பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும். வடித்த இளஞ்சிவப்புக் கூலன்டைக் காலி மினரல் வாட்டர் புட்டியில் ஊற்றி வைத்தால், குழந்தையின் கண்ணுக்கு அது ரோஸ் சிராப்தான். வளர்ந்த ஒருவரின் உயிருக்கே ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் ஆபத்து. குழந்தைக்கு மிகக் குறைவே போதும். பூனையை ஒரு தேக்கரண்டி கொன்றுவிடும். உடலுக்குள் போனால் முதலில் போதை ஏறியதைப் போன்ற தள்ளாட்டம், வாந்தி; ஓரிரு நாளில் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்து சிறுநீரகம் பழுதாகும். 2022இல் இந்தோனேசியாவில் மருந்து சிரப்புகளில் இந்த நஞ்சும் இதன் உறவான டைஎத்திலீன் கிளைக்காலும் கலந்து 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

யாரேனும் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கூலன்ட் புட்டியையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால்தான் அது உதவும்.

வாளியைக் கால்வாயில் கவிழ்ப்பதுதான் பலரின் வழக்கம். நம் தெருக் கால்வாய்கள் மழைநீருக்கானவை; சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. பிரிக்பீல்ட்சில் ஊற்றியது பக்கத்தில் ஓடும் கிள்ளான் ஆற்றில் இறங்கி, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் குடிநீர் நின்றதை இங்குள்ள யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது விசாரணைக்குள்ளானது கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு தொழிற்சாலை. கிளைக்கால் போன்ற வெப்பத் திரவக் கழிவுகளை நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகள் எஸ்டபிள்யூ 327 என்ற குறியீட்டில் தனியே பட்டியலிட்டு, உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்கச் சொல்கின்றன. பட்டறைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இது. வீட்டில் வடித்ததைக் கெட்டியான மூடியுள்ள பழைய கூலன்ட் கலனில் ஊற்றி, பெயர் எழுதி, எஞ்சின் எண்ணெயோடு கலக்காமல், பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுக்கும் பட்டறையிடம் தன் கழிவை அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்க நமக்கு எல்லா நியாயமும் உண்டு.

புதிய கார் என்றால் உத்தரவாதப் புத்தகத்தை முதலில் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பராமரிக்காவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். உத்தரவாதக் காலம் முடியும்வரை வீட்டு வேலை வேண்டாம் என்பதே என் கருத்து.

பட்டறையில் மாற்றிய பிறகு எஞ்சின் கொதித்தால் பொறுப்பு திசை மாறுகிறது. தகுந்த கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்ய வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் உத்தரவாதம். போர்மேன் வாய்மொழியாகச் சொன்னது நிற்காது. கூலன்டின் பெயர், அளவு, கிலோமீட்டர் மூன்றும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கோளாறு தெரிந்ததும் முதலில் அதே பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரித்துப் பார்ப்பதற்கு முன் படம் எடுங்கள், இன்னொரு மெக்கானிக்கிடம் அறிக்கை வாங்குங்கள். தீரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நாமே பேச வேண்டும். மன்றம் விதித்த தொகையைப் பட்டறை 14 நாளில் கொடுக்காவிட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம்.