ஆரம்பாக்கத்தில் கட்டுப்படியாகும் ஒரு பெட்ரூம் வீடு

கிராமம்தானே, வாடகை சல்லிசாக இருக்கும் என்று நினைத்து ஆரம்பாக்கத்துக்கு வீடு பார்க்க வருகிற குடும்பத்துக்கு முதல் நாளே கணக்கு இடிக்கும். இந்த ஊருக்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடாவும் ஸ்ரீசிட்டியும். இரண்டு பக்கமும் ஆலைகள் என்பதால் வாடகையை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள்தான். ஒரு குடும்பம் ஒரு வாடகைதான் தரும். அதே வீட்டில் ஐந்தாறு வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தங்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் உரிமையாளருக்குக் கூடுதலாகவே கிடைக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் ‘டூலெட்’ பலகை தொங்கும் பல வீடுகளின் கதை இதுதான். குடும்பத்தோடு வருகிறவர் உள்தெருக்களில், உரிமையாளரே கீழ்வீட்டில் குடியிருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. சத்தமில்லாத ஒரு குடும்பம் வந்தால் போதும் என்று நினைத்து, வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவர்கள் அங்கேதான் அதிகம்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சூலூர்பேட்டை வரை போகும் சில வண்டிகளை நம்பித்தான் எளாவூரும் ஆரம்பாக்கமும் இருக்கின்றன. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இரவில் திரும்புகிறவருக்கு ரயில் நிலையம் பக்கத்தில் இருந்து பயனில்லை. ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஊருக்கு வெளியே வீடு பிடித்து, தினமும் ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால், 25 வேலை நாளில் மிச்சம் பிடித்த ஆயிரமும் போய்விடும்.

அடுத்தது கரண்ட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2016-இல் வந்த 100 யூனிட் இலவசச் சலுகை மின் இணைப்புக்குத்தான், குடித்தனத்துக்கு அல்ல. நாலு போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு கொடுத்து, ஆளுக்கொரு சப்-மீட்டர் மாட்டியிருந்தால் நால்வரின் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்த கட்டண அடுக்குக்கு ஏறிவிடும். உரிமையாளரோ யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வசூலிப்பார். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை சற்றுக் கூடினாலும் எனக்கு அதுவே மேல். தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்த்துவிடுங்கள். பழவேற்காடு ஏரி அருகில் இருப்பதால் போர் தண்ணீர் உப்புக்கரிக்கலாம். குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கேன் தண்ணீருக்கும் மாதாமாதம் ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தரவும் சொல்கிறது. ஆனால் அது நகர்ப்புறங்களுக்கான சட்டம், ஆரம்பாக்கமோ ஊராட்சி. ஆகவே அட்வான்ஸ் எவ்வளவு, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பத்திரத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுப்பது உத்தமம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் யோசிக்க வேண்டும். முகவரி ஆந்திராவுக்கு மாறினால் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் அதை ஒட்டிய சலுகைகளும் சிக்கலாகும். வண்டியையும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும். ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிற தனியாளுக்கு இந்தத் தொல்லைகளில் பாதிகூட இல்லை. அவர் தடாவிலேயே தேடலாம்.